தட்டு ஒட்டும் இடம்

"உடம்புக்குள்ள இரும்பு ஏதும் இருக்காம்மா?"
படிவத்தில் ஏழாவது கேள்வி.
இல்லை என்று கோடிட்டுவிட்டு
எட்டுக்குப் போவதுதான் என் கையின் பழக்கம்.

பத்தினிப்பிள்ளை, வயது அறுபத்தொன்று,
அம்பிளாந்துறை,
கழுத்தில் விளாங்காய் அளவு கழலை,
விரல் மடக்கினாள்.
"இடத் தொடையில ரெண்டு.
தோள்மூட்டுக்குப் பின்னால ஒண்டு.
இன்னொண்டு இருந்தது மிஸ்ஸி,
அது தானா வெளிய வந்திட்டு,
மாட்டுக்குப் புல்லு வெட்டக்குள்ள."

பேனையைக் கீழே வைத்தேன்.

பென்சில் என்று சொல்லும் ஒரு கத்தி
எங்கள் தியேட்டரில் உண்டு.
டொக்டரின் காலடியில் அதற்கு இரண்டு மிதி:
மஞ்சள் வெட்ட,
நீலம் உறைய வைக்க.
நீலத்தை மிதித்தால்
நாளத்தின் வாய் வெளுத்துச் சுருங்கும்,
இரத்தம் நின்ற இடத்திலேயே கட்டிப்படும்.
உள்ளே போன மின்சாரம் திரும்பி வர வேண்டும்.
அதற்குத்தான் தட்டு.
உள்ளங்கை அளவு, ஒரு பக்கம் பசை.
நல்ல சதையில், தழும்பில்லாத தோலில்,
எலும்பு முட்டாத, இரும்பு கிடக்காத இடத்தில்.
இல்லாவிட்டால் அது வேறு வாசல் பார்க்கும்,
பார்த்த வாசலைச் சுட்டுவிட்டுப் போகும்.

திரையை இழுத்துவிட்டு இடம் தேடினேன்.

இடத் தொடை:
எக்ஸ்ரேயில் இரண்டு வெள்ளைப் புள்ளி,
ஒன்று அரிசி, மற்றது அரிசியை விடப் பெரிது.
வலத் தொடை:
பளபளவென்று நீண்ட தழும்பு.
"பால் அண்டா கவிண்டு கை வெந்தது.
இதில இருந்து தோல் எடுத்து இதில வைச்சவங்க."
முதுகு, சொன்னாளே.
வயிறு, மூன்று பிள்ளைகளும்
ஒரே கோட்டைத் திறந்து வந்தவர்கள்.
"காணியில்லாதவன் வளவு தேடுற மாதிரி
தேடுறீங்களேகா" என்று சிரித்தாள்.

பிறகு கேட்டாள்,
"இதென்ன, ரத்தத்த உறையப் போடுறதோ?"
ஓம் என்றேன்.
"எவ்வளவு சூட்டில?"
எண்பது, நூறு என்று ஏதோ சொன்னேன்.
"அது பிழை.
எருமைப்பாலக் காய்ச்சி இறக்கி
சுண்டுவிரல வைச்சா பத்து எண்ண ஏலணும்.
எட்டில விரல எடுத்தா உறை செத்துப்போகும்.
இருவது எண்ணிட்டா விடியும்மட்டும் தண்ணிதான்.
உங்கட டொக்டர் விரல் வைச்சுப் பாப்பாரா?"
கையுறை போட்டிருப்பார் என்றேன்.
அவளுக்கு அது காணாது.

கடைசியில், வலக் கெண்டைக்கால்.
சேற்றில் எருமைகளுக்குப் பின்னே
நாற்பது வருசம் நடந்து இறுகின சதை.
அழுத்தினேன். நோகுதா? இல்லை.
தடவினேன். ஒரு கீறல்கூட இல்லை.
அறுபத்தொரு வருசத்தில்
ஒருவருக்கும் எட்டாமல் கிடந்த
ஒரு உள்ளங்கை இடம்.
ஸ்பிரிட்டால் துடைத்து, காயவிட்டு,
நடுவிலிருந்து ஓரத்துக்கு நீவி ஒட்டினேன்.
வைத்த கையை எடுக்கக்
கொஞ்சம் பிந்தியது.

மறுகா மயக்கம்.
ஒன்றரை மணித்தியாலம்,
நீலம், நீலம், மஞ்சள், நீலம்.
மிதிக்கும்போதெல்லாம் மெசின் ஒரே சுருதியில் இழுத்தது.
புகை உறிஞ்சும் குழாயை நான் பிடித்தேன்.
அந்த மணத்தைப் பற்றி
நான் வீட்டில் சொல்வதில்லை.

ஒருக்கா லைட் செத்து, ஜெனரேட்டர் பிடித்தது.
டொக்டர் இம்தியாஸ் காலைத் தூக்கியபடி
"தட்டைப் பாருங்க மிஸ்" என்றார்.
பச்சைத் துணிக்குக் கீழே கைவிட்டேன்.
ஓரம் கிளம்பவில்லை. இளஞ்சூடு.
சுண்டுவிரலை அதன் பக்கத்தில் வைத்து
என்னை அறியாமல்
எண்ணிக்கொண்டிருந்தேன்.
பத்து வந்தது.
"சரி" என்றேன்.

உரித்தபோது இளஞ்சிவப்பாய் ஒரு சதுரம்,
பார்த்துக்கொண்டு நிற்கவே மங்கிவிட்டது.
படிவத்தில்
தட்டு ஒட்டிய இடம் என்பதற்கு நேரே
காயம் இல்லை என்று எழுதினேன்,
நேரம் பதினொன்று நாற்பது.

மேலே போய் ஏழாவது கேள்விக்குத் திரும்பினேன்.
ஆம், இல்லை, இரண்டு கட்டம்தான்.
எத்தனை என்று எழுத அங்கே இடமில்லை.
ஓரத்தில் எழுதினேன், மூன்று.