ஒன்பதாவது அட்டை

ஆனி மாதம். காற்றுக்கு வாய் ஓயவில்லை.
கரும்பலகையில் பதினொரு சொற்கள்,
திங்கட்கிழமைக்குள் பொருள் எழுத வேண்டும்.
புத்தகத்தில் உள்ளது வேண்டாம்,
அட்டை சொல்வதை எழுதுங்கள் என்றார்கள்.

அட்டை என்றால் கல்யாணப் பத்திரிகையின் வெள்ளை முதுகு.
அதில் விரல் நுனியால் வாசலின் தடவி
ஒரு ராத்திரி ஒரு பகல் காற்றில் தொங்கவிடுவது.
எங்கள் குழுவில் எட்டுப் பேர். எட்டு அட்டை.

உச்சிமாகாளி வேப்பமரத்தில் கட்டினான்.
ரெண்டு எறும்பு, ஒரு கொசு இறகு.
துகள் என்ற சொல்லுக்கு நேரே
எறும்பு என்று எழுதினான்.
அது உயிருல்லாலே என்று
நாலு பேர் சொன்னபிறகுதான் அடித்தான்.

ஆபிதா ரஸ்தா பஸ் நிறுத்தத்தில் கட்டினாள்.
சங்கரன்கோவில் பஸ் கிளம்பும்போது துப்புகிற கறுப்பு
தொட்டால் கண்மை மாதிரி வந்தது.
உமிழ்வு என்றால் துப்புவதுதானாம்.
பெரிய சொல்லென்று இத்தனை நாள் பயந்திருந்தோம்.

ஜெபராணி வெளியே எங்கும் போகவில்லை.
அடுப்படி ஆணியில் மாட்டிவிட்டு
கருவேல விறகில் சோறு பொங்கும்வரை பார்த்திருந்தாள்.
பிடித்தது கரி.
வீட்டுக்குள்ளேயுமா மாசு வரும் என்று கேட்ட பயலுக்கு
அவள் அம்மாவின் இருமலை
அப்படியே இருமிக் காட்டினாள்.

புகைப்பனிக்குத்தான் ஆள் கிடைக்கவில்லை.
எங்கள் ஊர் வெயிலில் பனிக்கு எங்கே போவது?
அமில மழைக்கும் அதே கதி.
முதலில் மழை வரட்டும்,
அமிலமா இல்லையா என்று பிறகு பார்க்கலாம்
என்று எழுதி வைத்தான் செல்லச்சாமி. மார்க் இல்லை.

என் அட்டை, அப்பா சட்டை காய்கிற கொடியில்.
அப்பா கிரஷரில் டிப்பர் ஓட்டுகிறார்.
கிரஷர் மேற்கே. காற்றும் மேற்கேயிருந்துதான்.
எடுத்துப் பார்த்தால்
வெள்ளை அட்டை வெள்ளையாகவே இருந்தது.
எட்டிலும் ஒன் வீட்டுக் காத்துதான் சுத்தம் பிள்ளே என்றார்கள்.
சந்தோஷமாகத்தான் இருந்தது, வீடு வரைக்கும்.

நகத்தால் கீறினேன்.
நறநறவென்றது,
கல் கிடந்த சோற்றைக் கடித்த மாதிரி.

வெள்ளையில் வெள்ளை தெரியாது. கறுப்பு வேண்டும்.
கறுப்பாக, வழவழப்பாக வீட்டில் இருந்தது ஒன்றுதான்:
பீரோவுக்கு மேலே, பழுப்பு உறையில்,
ஐகிரவுண்டு ஆஸ்பத்திரியில் எடுத்த
அப்பாவின் நெஞ்சுப் படம்.
விலா எலும்புகளின் மேலேயே வாசலின் தடவினேன்.
அதே கொடி, அதே கிளிப்.

மறுநாள் சாயங்காலம் நோட்டுத் தாளின்மேல் வைத்துப் பார்த்தேன்.
நுரையீரல் இருட்டில் பொடிப்பொடியாய் வெள்ளை.
எது காற்றில் வந்து ஒட்டியது,
எது படத்திலேயே இருந்தது,
பிரிக்கத் தெரியவில்லை.
நுண்துகள்: தலைமுடிக் கனத்தில் முப்பதில் ஒரு பங்கு.
இதை மட்டும் புத்தகத்தைப் பார்த்தே எழுதினேன்.

கடைசிச் சொல் தோற்றுவாய்.
பேனாவை வைத்துக்கொண்டு ரொம்ப நேரம் உட்கார்ந்திருந்தேன்.
கிரஷர் என்று எழுதினால் சரி.
வாசலின் டப்பா, நோட்டு, இந்தப் பேனா,
இதற்கெல்லாமும் தோற்றுவாய் அதுதான் என்று எழுத
ஒரு கோடு போதவில்லை.

ஒன்பதாவது அட்டையை நான் பள்ளிக்கூடத்துக்குக் கொண்டுபோகவில்லை.
புதன்கிழமை டாக்டரிடம் காட்டணும்,
அந்தப் படம் எங்கே என்று அப்பா தேடுகிறார்.
பின்வாசலில் உட்கார்ந்து
பழைய பனியனால் துடைக்கிறேன்.
கொஞ்சம் வந்துவிட்டது.
இன்னும் துடைக்கிறேன்.