ஐம்பதில் வை

தனகோட்டி செல் சர்வீஸ்.
பலகையில் என் பெயர்
தமிழில் சின்னதாக, வங்காளத்தில் பெரியதாக.
எனக்கு வங்காளம் படிக்கத் தெரியாது.
எழுதித் தந்தவன் வேறெதையாவது எழுதியிருந்தால்
இந்த ஒன்பது வருஷத்தில்
யாராவது சிரித்திருப்பார்கள்.

வேலூரில் பெரிய ஆஸ்பத்திரிக்கு எதிரே
லாட்ஜுகள் நெருக்கும் சந்து.
மே மாதம் எனக்கு அறுவடை.
கோட்டை மதிலின் சூடு இறங்க
ராத்திரி பத்தாகும்.
அதற்குள் எத்தனை பேட்டரி
பூரி போல உப்பி
கண்ணாடியை உள்ளிருந்து தள்ளியிருக்கும்.

வருகிறவர்களிடம் நான் கேட்பது ஒன்றுதான்:
ராத்திரி போனை எங்கே வச்சித் தூங்கறே?
சார்ஜ் போட்டு, தலையணைக்கடியில் என்றாள்
ஆம்பூர் ஷூ கம்பெனிப் பெண்.
வண்டி டாங்க் மேலே, வெயிலில், மேப் போட்டபடி
என்றார் சத்துவாச்சாரி ஏட்டு
(கேட்டது ராத்திரியை, சொன்னது பகலை).
காட்பாடி காலேஜ் பையனோ
அது தானாகச் சாகும்வரை விடமாட்டான்.
செத்த பிறகுதான் சோறு.

வயிறு முட்டவும் வேணாம், பட்டினியும் வேணாம்,
இருபதில் செருகு, எண்பதில் உருவு,
கொதிக்கும்போது உறையைக் கழட்டு என்பேன்.
தலையாட்டுவார்கள்.
தலையாட்டியவர்கள்தான்
அடுத்த கோடையிலும் எனக்குச் சோறு போட்டார்கள்.

நிதாய் மண்டல் மால்டாவிலிருந்து வந்தவன்.
நாற்பது நாளாக அவன் போன் ஒயரை விட்டு இறங்கவில்லை.
அறையில் ஒரே ஒரு பிளக்.
டேபிள் ஃபேனைப் பிடுங்கிவிட்டு
வியர்வையில் படுத்துக்கொண்டு
போனுக்குக் கொடுத்திருக்கிறான்.
முதுகு பிளந்து கிடந்தது அது.

இன்னாத்துக்கு எப்பவும் நூறு? என்றேன்.
பாதி இந்தி, பாதி தமிழ்,
மிச்சம் விரல்.
நாலாவது மாடியைக் காட்டினான்.
மேலேருந்து கூப்பிடுவாங்க. எப்பன்னு தெரியாது.

புது பேட்டரி போட்டேன். இருநூறு குறைத்தேன்.
நூறிலேயே வை என்றேன்.
என் தொழிலுக்கு எதிராக,
இல்லை, தொழிலுக்குச் சாதகமாகத்தான்,
முதல் முறை தெரிந்தே தப்பான வழி சொன்னேன்.

மூன்று வாரம் கழித்து வந்தவன் கையில்
வேறொரு போன்.
உறையில் ஜிகினா உதிர்ந்த மயில்.
ஓரத்தில் கறுப்புக் கயிறு.
இதை யாரும் எடுக்க மாட்டாங்க.
ஆனா கெடக்கூடாது. எப்படி வைக்கிறது?

நான் எதையும் கேட்கவில்லை.
முழுசா வச்சா உள்ளேயே புழுங்கும்.
காலியா வச்சா அப்புறம் எழுந்திருக்காது.
ஐம்பதில் வை. அணைச்சிடு.
வெயில் படாத அலமாரி.
மூணு மாசத்துக்கு ஒருதரம் எடுத்துப் பாரு,
இறங்கியிருந்தா பாதிவரைக்கும் ஏத்து.

பாதி, என்றான்.
உள்ளங்கையை ஒரு விரலால் வெட்டிக் காட்டினான்.
ஆமாம், பாதி.

திரையில் தொண்ணூற்றாறு.
ரயில் காட்பாடியில் ராத்திரிதான்.
வெளிச்சத்தை முழுசாக ஏற்றினோம், டார்ச்சைப் போட்டோம்,
ஸ்டூலில் கவிழ்த்து வைத்தோம்.
மத்தியானத்தில், தெருவே பளீரென்று இருக்கையில்,
யாருக்கும் எதையும் காட்டாமல்
எரிந்துகொண்டிருந்தது.

கண்ணாடி ஒட்ட வந்த ஒருத்தர்
டார்ச் எரியுது பாருப்பா என்றார்.
தெரியும் என்றேன்.

டீ வந்தது. எழுபத்தொன்று.
எதிர் லாட்ஜில் யாரோ குக்கர் வைத்தார்கள். அறுபத்து மூன்று.
அவன் ஒரு விரலால் மயிலைத் துடைத்தான்.

ஐம்பத்திரண்டில் மணி அடித்தது.
திருப்பினான். பெயரைப் பார்த்தான்.
எடுக்கவில்லை, அணைக்கவும் இல்லை.
அடித்து ஓயும்வரை
இருவரும் பார்த்துக்கொண்டிருந்தோம்.

ஐம்பத்தொன்று.

இன்னும் ஒன்று மிச்சம் இருந்தது.
ஸ்டூலில் மறுபடி கவிழ்த்து வைத்தான்.