பெருக்கு

கோப்பில் அவன் பெயருக்குக் கீழே
ஏழு பக்கம் குறைகள்.
நான்காவது பக்கத்தில்:
"காரணமின்றித் தரை பெருக்குகிறார்.
நாளொன்றுக்கு மூன்று மணிநேரம், சில நாள் நான்கு.
தடுத்தால் கையைக் கடித்துக்கொள்கிறார்.
இலக்கு: பெருக்குவதைக் குறைத்தல்."
கையெழுத்து என்னுடையது,
ஆறு வருடத்துக்கு முந்தைய நான்.
பேனா நன்றாகவே எழுதியிருக்கிறது.

ஒரெஸ்ட் ஹ்னாட்யுக், வயது முப்பத்தெட்டு,
யார்க்டன், சஸ்காட்செவன்.
பேச்சு, தேவைப்பட்டால் மட்டும்.
தேவை அவனுக்கு அடிக்கடி வருவதில்லை.

பிறகு ரெஜைனாவில் எங்களுக்கு இரண்டு நாள் பயிற்சி.
எது வராது என்று எண்ணியது போதும்,
எதைச் செய்யும்போது
நேரம் போவதே தெரியாமல் இருக்கிறார் என்று பாருங்கள் என்றார்கள்.
மதிய உணவு சுமார். குறிப்பேடு இலவசம்.
திரும்பும் நெடுஞ்சாலையில்
இருபுறமும் வெள்ளை, நடுவில் என் கார்.
அவன் துடைப்பம் ஞாபகத்துக்கு வந்தது.

செவ்வாய் இரவு, கர்லிங் அரங்கில்
ஒரு பாதை காலி.
பனிக்கட்டித் தளத்தில் வழுக்கி வரும் கருங்கல்,
பத்தொன்பது கிலோ, தலையில் மஞ்சள் கைப்பிடி.
அதன் முன்னால் ஓடிக்கொண்டே பெருக்க வேண்டும்.
பெருக்கினால் பனி இளகும்,
கல் இன்னும் கொஞ்சம் போகும்.
அந்தக் கோடியில் வரைந்திருக்கும் வட்டங்களுக்கு
வீடு என்று பெயர்.
யாரும் அவனுக்கு எதையும் விளக்கவில்லை.
தூரிகையைக் கையில் கொடுத்தோம்.
பார்த்தான். முகர்ந்தான்.
பெருக்கினான்.

இல்லத்தில் யாராவது குரல் உயர்த்தினால்
காதைப் பொத்திக்கொண்டு கட்டிலுக்கடியில் போகிறவன்,
"பெருக்கு, ஒரெஸ்ட், பெருக்கு, பெருக்கு!" என்று
நாற்பது மீட்டர் தள்ளி நின்று நான் தொண்டை கிழியக் கத்த,
காதைத் திறந்து வைத்துக்கொண்டு ஓடினான்.

மூன்றாம் வாரம்
எதிரணிக் கல்லையும் பெருக்கினான்.
அவனுக்குக் கல்லில் கட்சி இல்லை.
சிவப்போ மஞ்சளோ, வருவது வீட்டுக்குத்தானே.
தூரிகை இடித்தது. ஆட்டம் நின்றது.
தானாக வந்திருந்தால் எங்கே நின்றிருக்குமோ
அங்கே தூக்கி வைத்தார்கள் கல்லை,
அவன் பெருக்கவே இல்லை என்பது போல.

பனியில் மல்லாந்து படுத்துவிட்டான்.
இருபத்திரண்டு நிமிடம்.
பக்கத்துப் பாதைக்காரர்கள்
கண்ணை எங்கே வைப்பதென்று தெரியாமல்
ஸ்கோர்போர்டைப் பார்த்தார்கள்.
நானும் அருகில் படுத்தேன்.
அதில் உளவியல் ஒன்றும் இல்லை,
வேறென்ன செய்வதென்று தெரியவில்லை.
கூரையில் பதினாறு விளக்கு. ஒன்று எரியவில்லை.

அடுத்த வாரம் எதிரணித் தலைவி ஃபெர்ன் காலஹன்,
மாட்டு டாக்டர், சுருக்கமாகப் பேசுகிறவள்,
வீட்டின் நடுக்கோட்டுக்கு அவனைக் கூட்டிப்போய்
ஷூ நுனியால் தொட்டுக் காட்டினாள்:
"இதைத் தாண்டிவிட்டால் என் கல்லும் உன்னுடையது."
விதிப்புத்தகத்திலேயே இருக்கிறதாம்.

இப்போது அந்தக் கோட்டில் காத்து நிற்கிறான்,
உடம்பெல்லாம் நடுங்க.
அந்நியக் கல் வாசல் தாண்டியதும்
ஓடி வரவேற்று, பெருக்கிப் பெருக்கிக்
கொல்லைப்புறம் வரை கொண்டுபோய் விட்டுவிடுகிறான்.
எங்கள் அணிக்கு அதில் இலாபம்.
அவனிடம் சொல்லவில்லை.

படுக்கும் முன், பயிற்சியில் சொன்னபடி,
இன்றைக்கு நடந்த நல்லது மூன்று கேட்கிறேன்.
"கல்."
அப்புறம்?
"கல்."
மூன்றாவதற்கு நெடுநேரம்.
டிஷ்வாஷர் ஒரு சுற்று முடித்து மூச்சுவிட்டது.
"நீ கத்தின."

வீட்டில் பெருக்குவது குறையவில்லை.
போன மாதமும் கையில் பல் தடம்.
படிவத்தில் அதற்கும் இடம் இருக்கிறது, எழுதினேன்.

இன்று மைனஸ் முப்பத்தொன்று.
ஆட்டம் முடிந்து எல்லோரும் போயாயிற்று.
அரங்கக் கதவிலிருந்து என் கார் வரை
புதுப்பனியைப் பெருக்கிக்கொண்டு வருகிறான்.
பெருக்கிய இடத்தில் மறுபடி விழுகிறது.
திரும்பிப் போகிறான்.
காரணமின்றி என்று எழுதிய நான்
ஹீட்டரை ஒரு புள்ளி கூட்டி வைத்துவிட்டு
உட்கார்ந்திருக்கிறேன்.