ஒன்று முதல் ஐந்து வரை

ஒரு படிவத்துக்கு முப்பத்தைந்து ரூபாய்.
நாற்பத்துநான்கு கேள்விகள் குணத்துக்கு,
கடைசி ஆறு சாமிக்கு.
அறவே இல்லை என்றால் ஒன்று,
முழுக்க முழுக்க என்றால் ஐந்து.

செல்லூரில் துளசிராம்
‘நான் ஒழுங்கானவன்’ என்பதற்கு
ஐந்து போடச் சொன்னார்.
அடுப்படியிலிருந்து ஒரு சிரிப்பு வந்தது.
அவரே குரலைத் தாழ்த்தி, நாலாக்கும்மா என்றார்.

ஞானஒளிவுபுரத்து ஆரோக்கியசெல்விக்கு
‘சட்டென்று கோபம் வரும்’ என்பது
புதன்கிழமை நவநாள் முடிந்து வந்தால் இரண்டு,
வெள்ளிக்குள் ஐந்தாகிவிடும்.
நீ எந்தக் கிழமைக்கு எழுதப்போற?
படிவத்தில் கிழமைக்குக் கட்டமில்லை.

தெற்குச் சித்திரை வீதியில்
செருப்புக் காப்பகத்துச் சோணைமுத்து
டோக்கன் கொடுத்தபடியே பதில் சொன்னார்.
வாயால கேட்டா எவன் உண்மையச் சொல்வான்?
கழட்டுறதப் பாரு.

பார்த்தேன்.
ஜோடி சேர்த்து நீட்டுகிறவர்கள்.
உதறிவிட்டுக் கோபுரத்தைப் பார்த்தே நடக்கிறவர்கள்.
களவாணிக்குப் பயந்து
ஒரு செருப்பை இந்தக் கூண்டிலும்
மறு செருப்பை அந்தக் கூண்டிலும் வைக்கச் சொல்லி
‘எல்லாம் ஆத்தா பார்த்துக்குவா’ என்று போன
பட்டுவேட்டிக்காரர்.

கும்பிட்டுத் திரும்புகையில் மாறியிருப்பார்களா?

எங்க.
போனவாக்குலதான் வந்து மாட்டுறாய்ங்க.
ஒரு பொண்ணு மட்டும்
டோக்கனக் குடுத்துச்சு, செருப்பு வேணாம்னுச்சு.
வெறுங்காலோட போயிருச்சு, நல்ல சித்திரை வெயில்ல.

இருநூற்றுப் பதினெட்டாம் கூண்டில்
நீல வார் வைத்த ஒரு ஜோடி.
மூன்று வருஷமாம்.
தூசியில்லை.

‘வாரத்தில் எத்தனை முறை வழிபடுவீர்கள்?’
உள்ள போனதே இல்லம்மா. கூண்ட யாரு பாக்குறது?
‘நான் பொறுப்பானவன்?’
அத நானா சொல்றது?

நீல வாரைத் துடைப்பதை
குணத்தில் சேர்க்கவா, சாமியில் சேர்க்கவா
தெரியாமல் இரண்டையும் விட்டுவிட்டேன்.
கட்டம் காலியாக இருந்தால்
சூப்பர்வைசர் படிவத்தைத் திருப்பிவிடுவார்.
முப்பத்தைந்து ரூபாய்.
பஸ்ஸுக்கும் ஒரு டீக்கும் ஆகியிருக்கும்.

எழுந்தபோதுதான் கவனித்தேன்.
அவர் பலகையில் உட்கார
நான் கழற்றிய செருப்பில்
ஒன்று குப்புறக் கிடந்தது.
அப்படிக் கிடந்தால் வீட்டில் சண்டை என்பார்கள்.
எனக்கு அதிலெல்லாம் நம்பிக்கையில்லை, ஒன்று.

அவர் குனிந்து
கையால் அதைத் திருப்பி வைத்துவிட்டு
அடுத்தவருக்கு டோக்கன் தேடினார்.