பதினேழாவது குதிரை

பதினாறு குதிரைகள்
முற்றத்தில் ஒரே நேரத்தில் திரும்புகின்றன.
சேணத்தோல் முனகுகிறது.
ஸ்டெயின்தோர் வாயிற்கதவின் சங்கிலியை அவிழ்க்கிறார்.
அந்த ஒரு சத்தம் போதும்
மோரிக்கு.

ஐந்து வயது. என் தொடைகளுக்கிடையே
கொதிக்கிற உலை.
காது இரண்டும் வாயிலில்.
நான்கு கால்களும்
நான்கு திசைக்கு வாக்குக் கொடுத்துவிட்டன.

இழுத்துப் பிடி என்கிறது கை.
போன ஞாயிறு அதன் பேச்சைக் கேட்டுத்தான்
ஓடைச் சேற்றில் உட்கார்ந்திருந்தேன்,
கடிவாளம் மட்டும் கையில்.

இன்று ஒரு மணி நேரம் முன்பே வந்தோம்.
வருகிற ஒவ்வொரு குதிரையையும் முகர்ந்தான்,
வைக்கோல் கட்டுகள்மேல் படபடக்கும்
நீலத் தார்ப்பாயை இரண்டு முறை.
எல்லாம் அந்தச் சங்கிலியோடு போயிற்று.

நீங்கள் போங்கள், ஆற்றுத்துறைக்கு வருகிறேன் என்றேன்.
மலையிலிருந்து ஆடுகளை இறக்குகிற வாரம்,
ஒருவரும் உபசாரத்துக்குக்கூட நிற்கவில்லை.

இடப்பக்கம் ஒரு வட்டம்.
வாரைத் தளர்த்தி, பின்னால் ஓரடி.
ஓரடிதான்.
கேள்வி சின்னதாக இருந்தால்
பதில் சொல்லிப் பார்ப்பான்.
இன்னொரு வட்டம். இன்னொன்று.
நனைந்த மண்ணில் யாரோ
பூஜ்யம் எழுதிப் பழகியதுபோல் இருக்கிறது.

அப்போதுதான் தெரிந்தது,
சங்கிலிச் சத்தத்திலிருந்து
நான் மூச்சே விடவில்லை.

விட்டேன். பிறகு பேசினேன்:
டீசல் விலை, இந்த வருஷக் குட்டிகளின் எடை,
ஆகுரேரியில் என் தங்கை வாங்கிய
சுவரோடு ஒட்டாத பச்சைக் கம்பளம்.
அவனுக்கு எதுவும் புரிய வேண்டாம்.
வம்பளக்கிறவளுக்கு
மூச்சைப் பிடித்துவைக்க முடியாது, அவ்வளவே.

கடைசி வால் பாசிப்பாறைக்கு அப்பால் மறைந்தது.
கனைத்தான். விலா எலும்பெல்லாம் கனைத்தது,
என் பற்கள் வரை.
பதினாறில் ஒன்றுகூடப் பதில் தரவில்லை.
சொல்லப்போனால் எனக்கும்
கொஞ்சம் வலித்தது.

தூறல்.
கழுத்து ஒரு விரற்கடை இறங்கியது,
இன்னும் கொஞ்சம்.
வெறும் வாயை மென்றான்.
பெரிதாக ஒரு செருமல், என் காலணியெல்லாம் எச்சில்.

வாயிலில் நின்று
சங்கிலியை முகர்ந்தான். முகரட்டும்.
நடந்தோம்.

ஆற்றுத்துறையில் குன்வோர், இடுப்புவரை ஈரம்,
கையில் காப்பிக் குடுவை.
கண்ணை மூடிக்கொண்டு ஏறலாம் என்று
பத்து வருஷமாய் அவள் மெச்சும் கிழட்டுப் பெட்டை
ஓர் அன்னம் எழும்பியதற்கு அவளை ஆற்றில் போட்டுவிட்டு
அக்கரையில் புல் மேய்கிறது.

ஏன் இத்தனை நேரம், என்றாள்.

கிளம்பிக்கொண்டிருந்தோம், என்றேன்.
மோரி தலையைத் தாழ்த்தி
தண்ணீர் குடிக்க ஆரம்பித்தான்.