மாத்தே மைக் இல்லை

முந்நூற்று நாற்பது லிட்டர் காணோம்.
கார்தால் பால் கூட்டுறவின் கணக்கில்
மார்ச்சில் ஒரு முறை,
ஏப்ரலில் இரு முறை, வேறு வேறு அளவில்.
மூன்று முறையும் எலெயுதேரியோ ஓட்டிவந்த லாரி.
கூப்பிட்டு விசாரித்தார்கள்.
தொப்பியைக் கழற்றி முழங்காலில் கவிழ்த்துக்கொண்டு
"எங்கே கொண்டுபோய் விற்பேன்,
இந்த ஊரில் எல்லோர் வீட்டிலும் மாடு" என்றார்.
யாரும் சிரிக்கவில்லை.

கணக்கு எழுதும் நிரல் என்னுடையது.
அன்றைக்கு நான் வாய் திறக்கவில்லை.

பதினோரு இரவு தேடினேன்.
ஒவ்வொரு வரியாய் நிறுத்திப் பார்த்தால்
சமர்த்தாய் நடந்தது.
நிறுத்தாமல் விட்டால்
எப்போதாவது, பால் வரும் விடியலில் மட்டும்.

இரண்டு எடைமேடை, இரண்டு த்ரெட்.
ஒன்று படித்தது: ஒன்பதாயிரம்.
மற்றதும் படித்தது: ஒன்பதாயிரம்.
முதலாவது தன் முந்நூற்று நாற்பதைக் கூட்டி எழுதியது.
பழைய மேடையின் த்ரெட், சற்றே மந்தம்,
தன் எழுநூறைக் கூட்டி
அதன் தலைமேலேயே எழுதியது.
ஒரு சொட்டும் சிந்தவில்லை.
எழுத்தின்மேல் எழுத்து, அவ்வளவுதான்.

மதியம் சுல்மா மாத்தே ஊற்றினாள்.
ஒரு சுரைக்குடுவை, ஒரு குழல், ஆறு பேர்.
கையில் வந்தவர் உறிஞ்சுவார்,
திருப்பித் தருவார், பிறகு அடுத்தவர்.
குடுவையை ஏந்தியபடியே வாஷிங்டன்
ஞாயிற்றுக்கிழமை விழுந்த கோலை விவரிக்க
"அது மைக் இல்லையப்பா" என்றாள்.

எழுந்துபோய் மியூடெக்ஸ் எழுதினேன்.
பூட்டு. படி, கூட்டு, எழுது. திற.
இடையில் அரட்டை இல்லை,
வலையில் யாரையும் அழைப்பதில்லை,
தூக்கம் கண்டிப்பாக இல்லை.

தொட்டிக்கும் தனியாக ஒன்று போட்டேன்,
அதிகப்பிரசங்கம்.
வியாழன் விடிகாலை எல்லாம் நின்றது.
வாஷிங்டனிடம் குடுவை,
ஓரிபேயின் கக்கத்தில் தெர்மாஸ்;
நீ கொடு, நீ முதலில் கொடு.
வாசலில் ஏழு லாரிகள், உள்ளே சூடேறும் பால்.
யார் வந்தாலும் முதலில் தொட்டி, பிறகே கணக்கு
என்று மாற்றிய பிறகுதான் கதவு நகர்ந்தது.

அடுத்த வாரம் எலெயுதேரியோவைத் தேடிப்போனேன்.
லாரிப் படியில் உட்கார்ந்து
எனக்கு ஒரு மாத்தே ஊற்றித் தந்தார்.
சொன்னேன். த்ரெட், பூட்டு, பதினோரு இரவு,
அந்த அறையில் நான் காத்த மௌனம்.
நெடுநேரம் யோசித்துக் கேட்டார்:
"அந்த மூன்று நாள்தான்
நான் சரியான நேரத்துக்கு வந்தேன்.
அதுவா தப்பு?"
இல்லை, தப்பு என்னுடையது என்று
மறுபடி முதலிலிருந்து தொடங்கினேன்.

அவர் பார்வை என் முகத்தில் இல்லை.
என் கையில் குடுவை
குடிக்காமலே ஆறிக்கொண்டிருந்தது.