ஏழு தேய்ந்திருந்தது

கஸ்தூரியார் வீதிக் கடையில்
மூன்று பெட்டிகளை எடுத்து வைத்துவிட்டு
கஜீபன் கேட்டான்:
"தம்பிக்கோ அக்கா?"

எனக்கு.

பிறகு அவன் ஒன்றும் கேட்கவில்லை.
நல்ல குணமாக இருக்கலாம்.
பிரிண்டர் மை கேட்டு ஒருவர் பின்னால் நின்றதும் காரணம்.

முதலாவதில் பக்கவாட்டில் பன்னிரண்டு பொத்தான்,
மும்மூன்றாய் நாலு வரி,
பழைய நோக்கியாவின் நெஞ்சைக் கழற்றி
எலியின் விலாவில் ஒட்டினாற்போல.
மற்றதில் ஆறு, வட்டமாய்.
மூன்றாவதில் வெளிச்சம்தான் கூட;
நிறம் மாற மாற விலையும் ஏறும்.

என் பெருவிரல் சின்னன்.
லீசிங் கொம்பனிக் கவுண்டரில்
ஓட்டோக்காரரின் தவணைக் காசைப்
பார்க்காமல் எண்ணிப் பழகினது.
இரண்டு தாள் ஒட்டிக்கிடந்தால்
கண்ணுக்கு முதல் அதுக்குத் தெரியும்.
அதை நம்பித்தான் வந்தேன்.

கண்ணை மூடித் தடவினேன்.
பத்து எட்டவில்லை.
எட்டிப் பிடித்தால் உள்ளங்கை கிளம்புது,
கை கிளம்பினால் குறி விலகும்,
குறி விலகினால் முன்னுக்கு நிற்கிற கேடயக்காரன் சாவான்.
ஒஸ்லோவில் பஸ் ஓட்டுகிற மனுசன்,
செத்தால் அரை மணித்தியாலம் மூஞ்சையை நீட்டுவான்.

அங்கே நான் குணமாக்குகிறவள்.
பெயர் வேம்பி.
பத்தொன்பது மந்திரங்களுக்கும்
விசைப்பலகையில் இடக்கை ஓடி ஓடி
விடியப்புறம் சுண்டுவிரல் கொதிக்கும்.
காலையில் ரசீது எழுதும்போது
முகாமையாளர் கேட்பார், "கதவுக்குள்ள நசிஞ்சதோ?"
ஓம் என்பேன்.

"பாவிச்சது ஒண்டு கிடக்கு," என்றான் கஜீபன்.
கண்ணாடி அலுமாரியின் அடியில்,
வயரைச் சுற்றி றப்பர் பட்டி போட்டு.
"ஆரோ வெளிநாடு போகேக்க வித்தது. ஒன்பதாயிரம்."
புதுசு முப்பத்தொன்று.

கையில் எடுத்தேன்.
ஏழு தேய்ந்திருந்தது.
இலக்கமே இல்லை, வழுவழுவென்று ஒரு பள்ளம்.
நாலு பாதி அழிந்திருந்தது.
ஒன்றும் இரண்டும் பெட்டியால் எடுத்த மாதிரி.

வெட்டிச் சாய்க்கிறவன் என்றால்
ஒன்றையும் இரண்டையும்தான் கொன்றிருப்பான்.
இது பார்த்துக்கொண்டே இருந்து,
மற்றவனின் உயிர் பாதிக்குக் கீழே இறங்கும்வரை
விரலைப் பிடித்து வைத்திருந்த ஆள்.
எங்கட சாதி, என்று நினைத்தேன்.
அந்தச் சொல்லை விழுங்கிவிட்டு
எங்கட ஆள், என்று திருத்தினேன்.

பத்து எட்டியது. மற்ற இரண்டும் சும்மா கிடக்கட்டும்.
"எட்டரைக்குத் தாரும்."
"சில்லு கொஞ்சம் இறுக்கம் அக்கா,
பிறகு கொண்டுவந்து சண்டை பிடிக்கக்கூடாது."

இரவு வெறும் பக்கம் ஒன்றைத் திறந்து
ஒவ்வொன்றாய் அமத்திப் பார்த்தேன்.
ஒன்று ஒன்று என்றது. ஏழு ஏழு என்றது.
பன்னிரண்டை எட்டி அமத்த
ஒரு வரி தானாய் ஓடியது,
ஆங்கில எழுத்தில் எங்கட தமிழ்:

கரண்ட் போட்டுது. யூபிஎஸ் ரெண்டு நிமிசம்.
எனக்காக நிக்காதேங்கோ, அடியுங்கோ.

எலிக்குள்ளும் ஒரு துளி ஞாபகம் இருக்குமென்று
கஜீபன் சொல்லவில்லை.
அழிக்க ஒரு கிளிக் போதும்.
மந்திரங்களை ஒன்றிலிருந்து பத்துவரை அடுக்கினேன்.
பெரிய மருந்து ஏழுக்கு, வேறெங்கே வைக்கிறது.
பன்னிரண்டைத் தொடவில்லை.

வியாழக்கிழமை, ஒன்றே முக்கால்.
பறவைநாகத்துக்கு இன்னும் ஒன்பது வீதம் உயிர்.
கொக்குவில் முழுக்க இருண்டது.
மேசைக்குக் கீழே யூபிஎஸ் கீச்சிட்டது.

இடக்கையால் எட்டி அமத்தினேன்.

ஒஸ்லோக்காரன் உடனே எழுதினான்:
"ஆரடி இது?
நீ எங்களுக்கு எப்ப 'ங்கோ' போட்டுக் கதைச்சனீ?"

பதில் அடிக்க நேரம் இருந்தது.
நான் ஏழை அமத்தினேன்,
திரும்பவும் ஏழை,
திரை அணையும்வரை.